ஒரு சாணுக்கு ஒன்றரை வருஷம்

முடி வளர எத்தனை நாளாகும் என்று யார் கேட்டாலும் அவள் நேராகப் பதில் சொன்னதில்லை. முதலில் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள்.

"ஒனக்கு எப்பம் வேணும்?"

இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டும். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் மருந்தான கொய்னாவைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவளுக்கு, கேட்பவர் ஆசைப்படி அளவு மாறும் என்பது விளங்காத பேச்சு. தலைமுடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும் என்றால் ஜமீன்தாரிணிக்கும் அரை அங்குலம்தான், களை பறிக்கிறவளுக்கும் அரை அங்குலம்தான். எப்போது வேண்டும் என்று கேட்டு என்ன ஆகப் போகிறது?

அவள் நாவிதர் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். விஷக்காய்ச்சல் முற்றினால் தலையை மழித்து ஈரத்துணி போட்டு வைப்பது அங்கே வழக்கம். பெண்கள் வார்டுக்குள் ஆண் நாவிதர் வரக் கூடாது. அதனால் டாக்டரம்மா இவளைக் கத்தி பிடிக்க அமர்த்தியிருந்தார். அவள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்களே ஒழியக் கத்தியைத் தொட்டதில்லையாம். இவள் தொட்ட அன்றிலிருந்து ஆறு மாதம் அவளுடைய கொழுந்தன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நல்லதாப் போச்சு தாயி. அவன் பேசினா யாரு கேக்கது" என்பாள்.

வார்டுச் சாமான்களைக் காலையில் எண்ணி எழுதுவது என் வேலை. அதனால் அவளுடைய ஓலைப்பெட்டியில் என்ன இருந்தது என்று இன்றும் சொல்லுவேன்: கத்தி இரண்டு, சாணைக்கல் ஒன்று, தீட்டும் தோல்வார் ஒன்று, பித்தளைக் கிண்ணம் ஒன்று, பழந்துணி, வெற்றிலைச் சுருள். அளவுகோல் கிடையாது. நூல்கூடக் கிடையாது. அளப்பதெல்லாம் விரலால்தான். ஒரு விரற்கடைக்கு ஒன்றரை மாதம். பன்னிரண்டு விரற்கடை சேர்ந்தது ஒரு சாண். ஆகவே ஒரு சாணுக்கு ஒன்றரை வருஷம். நான் என் அங்குலக் கோலை வைத்து அவள் விரலை அளந்து பார்த்தேன். முக்கால் அங்குலம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. முன்பின் பார்த்திராத பெண்ணின் முடி நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை உருட்டிவிட்டு, "கத்தி பட்டு ஏழு மாசம் இருக்கும்" என்பாள். ஏழு மாதமாகத்தான் இருக்கும்.

எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு வசதியும் வந்து சேர்ந்தது, நான் கேட்காமலே.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்கே விஷக்காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் என் தலையை அவள் மழித்தாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. பிழைத்து எழுந்து உட்கார்ந்த அன்று, இழந்த உறவுக்காரியைப் பற்றிச் சொல்வது போல அவள்தான் சொன்னாள்.

"நாலு சாண் இருந்துச்சு தாயி. ஆறு வருசத்து முடி. போட்டும், உசிரு நின்னுதுல்லா."

எனக்கு அதற்கு முன்பே மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். எங்களைப் போலக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை நாளில்தான். படிப்பு முடிந்து பரீட்சை எழுத இன்னும் இருபத்தெட்டு மாதம் இருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு ஆஸ்பத்திரி விடுதியில் இடம் இல்லை; பாதிப் படிப்புக்குச் சான்றிதழும் இல்லை. சான்றிதழ் கையில் இருந்தால் பிறகு எந்த ஊரிலும் மருந்து கலக்கலாம். இல்லாவிட்டால் நான் வெறும் கொய்னா வாசம் தெரிந்த மருமகள்.

என் அப்பா சபை உபதேசியார். யாருடைய மனமும் நோகப் பேசத் தெரியாதவர். மாப்பிள்ளையின் அம்மா, பிழைத்து வந்த பெண்ணின் கல்யாணத்தை இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று நெருக்கியபோது, "தலை மொட்டையாக இருக்கிறதே, முடி வளர்ந்ததும் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார். தப்பிக்கச் சொன்ன வார்த்தைதான். அந்த அம்மாள் அதையே ஒப்பந்தமாகப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: கல்யாணத்துக்கு முந்தின நாள் நாத்தனார், மணப்பெண்ணின் தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, சீவி, தன் கையால் கொண்டை போட வேண்டும். சவுரிமுடி வைத்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு ஒரு சாண் முடியாவது வேண்டும்.

நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு சாண், பதினெட்டு மாதம். பரீட்சை, இருபத்தெட்டு மாதம். குறைவது பத்து. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அவள் என் தலையில் எண்ணெய் தடவ வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"என்ன தாயி கணக்கு?"

"முடிக்கணக்கு அக்கா."

"ஒனக்கு எப்பம் வேணும்?"

வழக்கமான கேள்விதானே என்று நானும் வெறுப்போடு சொன்னேன். "இருபத்தெட்டு மாதம் கழித்து. அது வளர்கிறபடிதான் வளரும், நீங்கள் ஏன் இதைக் கேட்கிறீர்கள்?"

அவள் எண்ணெய் தடவிவிட்டுப் போனாள்.

மறுநாள் உடன்குடியிலிருந்து வண்டி வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் தலையைப் பார்த்துக் கண் கலங்கினார், உண்மையாகவே கலங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்று எனக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளிடம் திரும்பினார்.

"எளா, ஒரு சாண் வர எத்தன மாசம் ஆவும்? நீ சொன்னாத் தப்பாதுன்னு இங்கன எல்லாரும் சொல்லுதாங்க."

அவளுடைய கேள்வியை நான் எதிர்பார்த்தேன். அத்தையிடம் அவள் அதைக் கேட்கவில்லை.

"காச்ச முடியக் கணக்குல சேக்கக் கூடாதும்மா. மூணாம் மாசம் பாதி கொட்டும், பாத்துக்கிடுங்க. மிச்சம் நிக்கதும் சத்தில்லாத பூஞ்ச முடி. பத்தாம் மாசம் ஒருக்கா மொத்தமா எறக்கிரணும். அதுக்குப் பெறவு வாரதுதான் முடி. அங்கன இருந்து ஒரு சாணுக்கு ஒண்ணர வருசம்."

"ஏயம்மா! ரெண்டு வருசம் தாண்டுதே. அதுக்குள்ள பிள்ளையப் பெத்து நடக்க விட்டுரலாமே!"

"நடக்க விடலாம். மொட்டத் தலையோட கல்யாணப் படி ஏறணுமே."

அத்தை சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. முடியை மழித்தால் வேருக்கு ஒன்றும் ஆகாது, அடர்த்தியும் கூடாது, நீளமும் கூடாது என்று டாக்டரம்மா பாடத்தில் சொல்லியிருந்தார். இவ்வளவு சரியாகக் கணிக்கிறவள் இப்படி ஒரு நாட்டுப்புறப் பேச்சைப் பேசுகிறாளே என்று திருத்த வாயெடுத்தேன். என் உச்சந்தலையில் அவளுடைய கட்டைவிரல் அழுத்தியது. வலிக்கும்படி அழுத்தியது. நான் வாயை மூடினேன்.

வண்டி போன பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டு.

அந்த வாரமே ஒரு நோட்டு போட்டேன். நான்கு பத்தி: தேதி, நீளம், வளர்ந்தது, காரணம். மாதம் முதல் தேதியில் இடது காதுக்கு மேலே ஒரே இடத்தில் கோல் வைத்து அளப்பேன். கூடினாலும் குறைந்தாலும் காரணம் எழுதுவேன். "இரண்டு நாள் மறுகாய்ச்சல்." "கோல் வழுக்கியது, திரும்ப அளந்தேன்." மூன்றாம் மாதம் பாதி வரையில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒருநாள் காலையில் தலையைத் தடவினேன், கையோடு வந்தது. முதல் நாள் நாற்பது, மறுநாள் எழுபத்தொன்று. எண்ணி எழுதினேன். பயமாகவும் இருந்தது, வியப்பாகவும் இருந்தது. அவள் சொன்னதில் பாதி மெய்! அப்படியானால் மற்றப் பாதியும் மெய்யோ? பத்தாம் மாத மொட்டைக்கும் ஏதாவது காரணம் இருக்குமோ?

டாக்டரம்மாவிடம் உதிர்வதை மட்டும் கேட்டேன். விஷக்காய்ச்சலுக்குப் பிறகு உதிரும், தானாக நிற்கும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். நின்றது. புதிதாக முளைத்தது. அதுவும் அரை அங்குலம்தான் மாதத்துக்கு. பூஞ்சை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கருகருவென்று இருந்தது.

அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு நான் மூன்று ஊகம் வைத்திருந்தேன். ஒன்று, நுனி: கத்தி பட்ட முடிக்கு நுனி மொட்டையாக இருக்கும், பிறந்ததிலிருந்து வெட்டாத முடிக்குக் கூர்ந்திருக்கும். இரண்டு, கனம். மூன்று, ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லுவது. மூன்றும் போதவில்லை. விடை கிடைத்தது காய்கறிச் சந்தையில்.

விடுதிக்குக் காய் வாங்க அவளோடு போயிருந்தேன். கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியின் பின்னால் போய்ப் பைய நின்று, அவள் பின்னல் நுனியைப் பிடித்து உருட்டினாள்.

"ஏளா, போன மாசிக்கு முந்தின மாசி ஒன்ன நான் எறக்கினேன். இன்னிக்குப் பதினாறு விரல் இருக்கணும். பதினாலுதான் இருக்கு. சாப்பிடுதியா இல்லியா?"

"விடு சவத்த! கத்திரிக்கா வேணும்னா வாங்கு, இல்லேன்னா போ. நடுச்சந்தையில தலையப் பிடிச்சு அளக்கா!"

"மாமியா சோறு போடுதாளா?"

கத்தரிக்காய்க்காரி தராசைக் கீழே வைத்தாள். "ராத்திரிக்கு இல்ல" என்றாள் மெதுவாக.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "அவளை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?"

"எறக்கின தலைய மறப்பனா தாயி? ஆஸ்பத்திரிய விட்டுப் போனா போச்சுன்னு நீங்க பேரை அடிச்சிருதிய. நான் சந்தையில, ஆத்தங்கரையில, தேரோட்டத்துல பாத்தா ஒருக்கா தொட்டுப் பாப்பேன். எந்த மாசம் எறக்கினேன், இப்பம் எத்தன விரல். பதினொரு வருசமாத் தொட்டுட்டு இருக்கேன்."

வரம் ஒன்றும் இல்லை. அவளிடம் ஒரு நோட்டு இருந்தது, காகிதம் இல்லாமல். என்னுடையது ஒரு தலை. அவளுடையது நூற்றுக்கணக்கான தலை. அன்றைக்கு எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

அதே கையை அவள் குழந்தைகள் தலையிலும் வைப்பாள். மேலப்பாளையத்தில் நெசவுக்காரர் வீட்டிலிருந்து ஒரு தாய் மூன்று மாதக் கைக்குழந்தையை இருமலுக்குக் கொண்டு வந்தாள். பிறந்த ஏழாம் நாள் முடி இறக்குவது அவர்கள் முறை. இவள் அந்தக் குழந்தையின் தலையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு விரல் இருக்கணும். ஒண்ணு இல்ல. இருமல் கெடக்கட்டும், பால் பத்தல. எழுது." எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா குழந்தையை நிறுத்துப் பார்த்தார். எடை மிகவும் குறைவு. அதற்குப் பிறகு குழந்தைகளை நிறுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தராசில் நான் தப்பாகப் படித்தால் அவள் உதடு கோணும்.

இதெல்லாம் அவள் சரியாகச் சொன்னவை. அவள் பொய் சொல்லுவாள் என்பதும் எனக்குத் தெரிய வந்தது. அது நடந்தது என் தலை மழித்த ஒன்பதாம் மாதத்தில்.

ஆற்றங்கரை அக்கிரகாரம் ஒன்றிலிருந்து இருபது வயது கூட நிரம்பாத விதவை ஒருத்தி காலில் பெரிய கட்டியோடு வந்து படுத்திருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவள் தலையை மழிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டுக் கட்டாயம். மாமியார் தீட்டுக்குப் பயந்து வார்டுக்குள் வரமாட்டார். வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டே கூப்பிடுவார்.

"ஏண்டி, நாள் ஆயிடுத்தே. தலைக்கு என்னாச்சு?"

"கத்தி சாணைக்குப் போயிருக்கும்மா."

நான்கு நாள் கழித்து மறுபடி. "இன்னுமா வரலை?"

"மதுரைக்குல்லா அனுப்பியிருக்கு. இங்கன நல்ல சாணை இல்லம்மா."

அன்று காலையில்தான் நான் "கத்தி இரண்டு, சரி" என்று எழுதியிருந்தேன். அந்த மாமி போன பிறகு நோட்டைக் காட்டினேன். "இதில் இரண்டு கத்தியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேனே அக்கா."

"உள்ளதத்தான எழுதின? எழுதிக்கோ. அந்த மாமி வந்து வாசிக்கவா போறா?"

விதவைப் பெண் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டாள். நான் கட்டு மாற்றும்போது, "எவ்வளவு இருக்கும்னு உங்க கோல்ல பார்த்துச் சொல்லுவேளா?" என்று கேட்டாள். அளந்தேன். ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. அக்கா பக்கத்தில் வந்து விரலால் தொட்டு, "ஒரு நெல்லு" என்றாள். அந்தப் பெண் தன் உள்ளங்கையால் தலையை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் தடவிக்கொண்டே இருந்தாள். கால் ஆறி வீட்டுக்குப் போன அன்றே அது போயிருக்கும். இருபத்துமூன்று நாள் இருந்தது, நான் எண்ணினேன். அந்தப் பெண்ணிடமும் இவள் முதல் நாளே தன் கேள்வியைக் கேட்டிருந்தாள் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

பத்தாம் மாதம் பிறந்தது.

அந்த மாதத்து வரியை இன்னும் எழுதவில்லை; கோலில் நாலே முக்கால் அங்குலம். முடி கழுத்தைத் தொட்டது. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கணக்கில் விடக் கூடாது. எனக்கு அந்த முடியின் மேல் ஆசை வந்துவிட்டது. தண்ணீர் தொட்டு வகிடு எடுத்தால் நின்றது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக முக்காடு இல்லாமல் சபைக் கோவிலுக்குப் போயிருந்தேன்.

அத்தை சொன்ன நாளுக்கு வந்தார். கருப்பட்டிக் கொட்டானைக் கீழே வைத்தவர், என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்மா, எவ்வளவு அழகா வந்திருக்கு! இதயா எறக்கச் சொல்லுத?"

அவள் ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். "பூஞ்ச முடிம்மா அது."

"எனக்கு ஒண்ணும் பூஞ்சையாத் தெரியலையே. இழுத்தாக்கூட வரமாட்டேங்கு." அத்தை இழுத்துப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "இப்பமே கால் முழம் இருக்கும் போல. இப்படியே விட்டா அடுத்த ஆனிக்கெல்லாம் கொண்டை போடலாம். மாப்பிள்ளைக்கும் வயசு நிக்கா போவுது?"

"ஒங்க இஷ்டம்மா. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

"நீ சொல்லுததச் சொல்லுத. நான் எதுக்கும் டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுருதேன். அங்கன இருக்காங்கள்லா?"

டாக்டரம்மா பத்தடி தூரத்தில் தன் அறையில்தான் இருந்தார். கேட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். மழிக்கத் தேவையில்லை என்பார். நோயாளி வீட்டாரிடம் கதை சொன்னதற்கு இவள் வேலை போகும். என் படிப்பு எட்டு மாதத்தில் போகும்.

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா எதுக்கு? மாசா மாசம் இவதான் கோல் வச்சு அளந்து எழுதுதா. நோட்டு அந்தா இருக்கு. இவளையே கேளுங்க. இவ பொய் சொல்லாத பிள்ள."

நான் சொல்வதைத்தான் அத்தை நம்புவார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் மாதம் அரை, இரண்டாம் மாதம் அரை. எல்லா வரியும் நல்ல முடி, நல்ல முடி என்றே சொல்லிற்று. அத்தை காத்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் மாதத்து வரியை மட்டும் வாசித்தேன்.

"மூன்றாம் மாதம், பதினாறாம் தேதி. உதிர்ந்தது நாற்பது. பதினேழாம் தேதி, எழுபத்தொன்று."

"ஒரே நாள்லயா?" என்றார் அத்தை.

"ஒரே நாளில்."

அதற்கு மேல் வாசித்தால் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மை சொல்ல வேண்டும். நோட்டை மூடி மண்ணில் வைத்தேன். வேப்பமரத்தடிக்குப் போய் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தேன்.

"இறக்குங்கள் அக்கா."

அத்தை, "பிள்ளைக்கே தெரியுது போல" என்று சொல்லிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். தண்ணீர் தலையில் விழுந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் அவளுடைய கட்டைவிரல் என் உச்சந்தலையைத் தொட்டது. இந்த முறை அழுத்தவில்லை. முதல் கற்றை என் மடியில் விழுந்தபோது நான் அழுதேன். அத்தை தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு பதினெட்டு மாதம். சொல்லும்படி ஒன்றும் இல்லை. மாதம் அரை அங்குலம். அவள் வேறு வேறு தலைகளை மழித்துக்கொண்டிருந்தாள், நான் மருந்து கலந்துகொண்டிருந்தேன். நாங்கள் அந்தப் பத்தாம் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒருநாள் நான், "அக்கா, அந்தப் பூஞ்சை முடி..." என்று ஆரம்பித்தேன். "ஒனக்குப் பாடம் இல்லியா இன்னிக்கு?" என்று எழுந்து போய்விட்டாள்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த வாரம் கல்யாணம். முந்தின நாள் நாத்தனார் என் தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்தாள். அத்தை பக்கத்தில் வந்து, முடியைத் தன் கையில் விரித்து, சாண் போட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் நுனியில் முடி முடிந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கொண்டை வந்தது. ஆறு ஊசி குத்தி நிறுத்தினார்கள்.

"ஒரு சாண்" என்றார் அத்தை. ஊசிகளைச் சரிபார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, "முடியும் வந்திட்டு, பரிச்சையும் முடிஞ்சிட்டு. ரெண்டும் ஒரே மாசம். அந்தப் பொம்பள கெட்டிக்காரிதான்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்க முடியாது. தலை நாத்தனார் கையில் இருந்தது. அத்தையின் முகம் எப்படி இருந்தது, எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிற கேள்விகளில் இதைத்தான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அவர் வீட்டிலிருந்துதான் தினமும் மருந்துக்கூடத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மழை வந்தால் குடை கொடுத்தனுப்புகிறார்.

அவள் இன்னும் அந்த ஆஸ்பத்திரியில்தான் கத்தி பிடிக்கிறாள் என்று கேள்வி. அவளிடம் இன்னும் பெண்கள் எத்தனை மாதமாகும் என்று கேட்கிறார்கள், அவளும் திருப்பிக் கேட்கிறாள். அதனால்தான் அவள் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதவில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. மொத்தம் இருபத்தெட்டு வரி. பத்தாம் வரியில் தேதி இருக்கிறது. நீளம், பூஜ்யம். வளர்ந்தது, பூஜ்யம். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்து எடுத்த புள்ளி ஒன்று மட்டும் இருக்கிறது.